குச்சனூரில் இரண்டு ரங்கூன்காரர்கள்

கல் காக்கையின் தலையில் என் நண்பன் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆடிச் சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரர் கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. எங்கள் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெண்கள் எள் விளக்கை ஏற்றுவதும் காற்று அதை அணைப்பதுமாக ஒரு மல்லுக்கட்டு நடந்துகொண்டிருந்தது. நல்லெண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது.

என் நண்பன் வாய்க்காலில் இறங்கினான். யாரிடமோ சைகை காட்டிச் செம்பை வாங்கினான். தண்ணீரை முகந்து வந்து, சாமியின் வாகனமான கல் காக்கைக்கு முன்னால் கண்ணை மூடி நின்று, நிதானமாக அதன் தலையில் ஊற்றினான். திரும்பப் போய் இன்னொரு செம்பு கொண்டுவந்தான். பிறகு மூன்றாவது.

“யோவ், அங்கன என்னய்யா ஊத்துற? வெளக்குப் பூராம் அணையுதுல்ல!” என்று விளக்கு விற்கிறவர் கத்தினார்.

நான் ஓடிப் போவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. எனக்குப் புரியாத பாஷையில், வீட்டு ஆளைக் கண்டிக்கிற மாதிரி நாலு வார்த்தை. என் நண்பனின் கையிலிருந்த செம்பு கல்லில் விழுந்து உருண்டது. திரும்பினான், அந்தப் பெண்ணைப் பார்த்தான், அப்புறம் வாயைத் திறந்தான் பாருங்கள், அதே பாஷை மடை திறந்த மாதிரி வந்தது. சிரிக்கிறான், கண்ணைத் துடைக்கிறான், கையை ஆட்டுகிறான். எத்தனையோ மாதமாகப் பூட்டி வைத்திருந்த பேச்சு அது.

இதில் என்ன வம்பு என்று கேட்பீர்கள். அவன் நேபாளத்துக்காரன், பெயர் துளசிராம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இரண்டடி தள்ளி எங்கள் ஊர்த் தலையாரி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

துளசிராம் பிறந்த கதை

போன வாரம் சென்னை மாணவர் விடுதியின் ரசத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், “பக்கத்து இலையில் மவுங் துன் என்று ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அவர் யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டீரே” என்று கார்டு போட்டிருக்கிறார். நியாயம்தான்.

மவுங் துன் பர்மாக்காரன். ரங்கூனில் பிறந்து, அங்கே கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, கால்நடை மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தவன். நானும் அதே வகுப்பு. அவனுக்கு மாடுகள் மேல் இருந்த பிரியம் மனிதர்கள் மேல் இருந்ததா என்பது சந்தேகம். பேச்சு குறைவு. நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். அவன் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் நின்றுபோனது. அடுத்து சென்னையிலும் குண்டு விழும் என்று புரளி கிளம்பி, ஊரே மூட்டை கட்டியது. கல்லூரியை மூடினார்கள். எல்லோரும் அவரவர் ஊருக்குப் போனார்கள். இவன் மட்டும் இரும்புப் பெட்டியை வைத்துக்கொண்டு விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“என்னோடு வா” என்றேன்.

மதுரையிலிருந்து கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம், அடுப்புக்கரியில் ஓடும் வண்டி. ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏற மாட்டேன் என்று நின்றுவிட, எல்லோரும் இறங்கி நடந்தோம். நடக்கும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. வீட்டில் இவனை யார் என்று சொல்வது? பர்மாவைப் பிடித்தது ஜப்பான் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த முகத்தையும் கண்ணையும் பார்த்துவிட்டு யாராவது ஜப்பான் ஒற்றன் என்று கிளப்பிவிட்டால்?

ஆகவே கணவாயைத் தாண்டுவதற்குள் துளசிராம் பிறந்துவிட்டான். நேபாளத்து ராஜபுத்திரன். மாட்டுக்கறி தொடாதவன். அப்பா பட்டாளத்தில் இருக்கிறார்.

அவனிடம் சொன்னேன். “என் பெயரின் முதல் எழுத்தையாவது விட்டுவைத்தாயே” என்றான். பர்மாவில் பிறந்த கிழமைக்குத் தகுந்த எழுத்தில் பெயர் வைப்பார்களாம். துன் என்பது சனிக்கிழமைப் பெயராம். துளசியும் ‘து’தான் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி. எனக்கு அப்போது அது விளையாட்டாகப் பட்டது.

“ஏலே ராசு, யாருலே இது?” என்று அம்மா கேட்டாள். ஒப்பித்தேன். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நேப்பாளமோ நெடுங்காடோ, பிள்ள வத்தி வதங்கிப் போயி நிக்கிது. கைகால் கழுவச் சொல்லு” என்றாள். அவ்வளவுதான். நான் கோட்டை கட்டிப் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விடுதியில் ஒரு வாக்குவாதம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

விடுதியில் சேரும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், எந்த தேசத்தவர். என்னைப் போன்றவர்கள் முன்னால் நின்றவன் எழுதியதையே யோசிக்காமல் எழுதிவிட்டுப் போனோம். துன் அந்த மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் நின்றானாம். “ஊரில் இருக்கும்வரை நான் வெறும் துன். இங்கே வந்துதான் பர்மியன் ஆனேன்” என்பான்.

வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று கடற்கரையில் யாராவது பேசினால் எங்களோடு வந்து கை தட்டுவான். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் கேட்டேன். “வெள்ளைக்காரன் போகணும் என்று நீயும் சொல்கிறாய், நானும் சொல்கிறேன். சரி. ஆனால் உங்கள் ஊரில் எங்கள் ஆட்களையும் போகச் சொல்லிக் கலவரம் பண்ணினார்களே?”

அவன் முகம் இறுகியது. “உங்கள் ஆட்கள் வெள்ளைக்காரனுடைய கப்பலில்தானே வந்தார்கள்” என்றான்.

“அங்கேயே பிறந்தவர்கள்?”

எழுந்து நடந்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் மாட்டு வைத்தியன். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லிவிடுவேன். ஒரு மனிதன் எந்த நாட்டுக்காரன் என்று எதைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது? இந்தக் கேள்வி அன்றைக்குப் பிடித்தது, இன்றைக்கும் விட்டபாடில்லை.

கிராணியார் வீடு

கோயில் வாசலில் பேசிய பெண்ணின் பெயர் பவளம். அவள் அப்பாவை ஊரில் கிராணியார் என்பார்கள். எங்கள் ஊரில் பிறந்து, வாலிபத்தில் ரங்கூனுக்குப் போய், அரிசி ஆலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். பவளம் அங்கேயே பிறந்தவள். பத்தொன்பது வயது. கல்லூரியில் முதல் வருஷம் முடிப்பதற்குள் குண்டு விழுந்தது.

அரக்கான் மலை வழியாக நடந்தே வந்தார்கள். நாலு பேராகப் புறப்பட்டு மூன்று பேராக வந்தார்கள். பவளத்தின் தம்பி வழியில் வாந்திபேதியில் போய்விட்டான். அவனைப் புதைத்த இடம் எது என்று கேட்டால் கிராணியார், “ஒரு மூங்கில் புதருப் பக்கம்” என்பார். அந்த மலை முழுக்க மூங்கில்தானாம்.

பாவம் என்று ஊர் முதலில் அரவணைத்தது. பிறகு மீன் வாடை அடிக்கத் தொடங்கியது. பவளத்தின் அம்மா முல்லையாற்றுப் பொடிமீனை உப்புப் போட்டு இடித்துப் பானையில் புளிக்க வைத்து, பர்மாவில் தின்று பழகிய மீன் விழுதைச் செய்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்தார்கள். “பர்மாக்காரி வீடு” என்ற பெயர் அப்போது நிலைத்தது.

“அங்கன எங்களை அந்நியம்னாக. இங்கன பர்மாக்காரின்னாக. நடுக்கடல்ல ஏதும் ஊரு இருந்தா சொல்லுங்கண்ணே, போயிருதோம்” என்று பவளம் ஒரு முறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வீடு ஊரின் தெற்குக் கடைசி. எங்கள் வீடு வடக்கு. குட்டு உடைந்துவிடும் என்று துன்னை அந்தப் பக்கம் போகவிடாமல் மூன்று மாதம் காபந்து பண்ணினேன். ஒரு வார்த்தை அந்தப் பாஷையில் பேச மாட்டோமா என்று அவனும் பவளமும் ஏங்கிக்கொண்டு ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுபடியும் கோயில் வாசல்

பர்மாக் கோயில்களில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டாம். சனிக்கிழமை பிறந்தவன் சனி மூலையில் போய் வேண்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவானாம். வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லாமல் தவித்துக் கிடந்தவனுக்கு, சனிக்கிழமைக்கென்றே ஒரு சாமியும் பக்கத்தில் ஓடும் தண்ணீரும் கிடைத்தால் விடுவானா?

பவளம் சொன்னது இவ்வளவுதானாம்: “இங்கே ஊற்றக் கூடாது, விளக்குத்தான் போட வேண்டும்.” அந்தத் தண்ணீர் ஊற்றும் விதத்தைப் பார்த்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது என்றாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். எந்தத் தெரு, எந்தப் பாலம், எந்தக் கடை என்று விசாரித்தார்களாம். பிறகு அவள் ஏதோ கேட்டாள், இவன் உற்சாகமாகப் பதில் சொன்னான், அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. முந்தானையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கேட்டது, கலவரம் நடந்த வருஷம் எங்கே இருந்தாய் என்று. இவன் சொன்னது, கல்லூரி மாணவர் கூட்டத்தில் இருந்தேன் என்று. அந்த வருஷம் அவள் அப்பா மூன்று நாள் ஆலையில் நெல் குவியலுக்குள் ஒளிந்து கிடந்தவர்.

தலையாரி என் பக்கம் வந்தார். “ஏப்பா ராசு, நேப்பாளம்னு சொன்னீக. கிராணியார் மகளோட பர்மாப் பேச்சுல்ல பேசுறாக?”

“அது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“எங்கிட்டப் பர்மான்னே சொல்லியிருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? மறைச்சீகல்ல, அதுதான் இடிக்கிது. நாளப்பின்ன என் தலை உருளும். நான் சொல்லித்தான் ஆகணும்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பதினோராம் பக்கம்

செவ்வாய்க்கிழமை துன்னின் பெட்டியோடு எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். பெட்டியில் வேட்டி சட்டை போக இரண்டு கடிதங்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. மூன்றும் பர்மிய எழுத்து. வட்டம் வட்டமாக, முத்துக் கோத்தது போல.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். “இதில் தப்பாக ஒன்றும் இல்லையென்றால் வாராவாரம் கையெழுத்துப் போட்டுவிட்டு இருக்கலாம். சந்தேகமாக ஏதாவது இருந்தால் வடக்கே காவல் முகாமுக்கு அனுப்ப வேண்டியதுதான். யுத்தம் முடிகிற வரைக்கும்” என்றார். நான் சொன்ன ஒரு பொய்யால் என் நண்பன் படிப்பையும் இழந்து, எங்கோ கம்பி வேலிக்குள் போகப் போகிறான்.

பள்ளத்தாக்கிலேயே அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் பவளம் ஒருத்திதான். கிராணியார் பர்மிய மொழி பேசுவார், படிக்கத் தெரியாது. அப்பாவும் மகளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் துன்னைப் பார்க்கவே இல்லை.

கடிதங்களைப் படித்தாள். அவன் அம்மா எழுதியவை. “மழை பிடிச்சிருச்சாம். கூரைய மாத்திட்டாகளாம். சின்னவளுக்குக் காது குத்தியாச்சாம். நீ இல்லாம விருந்து ருசிக்கலன்னு எழுதியிருக்காக.” துன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்தது நோட்டு. முதல் பத்துப் பக்கம், ரங்கூனிலேயே அவன் எழுதத் தொடங்கிய மாட்டு வியாதிக் குறிப்புகள். பதினோராம் பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள்.

அதில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது துன் ரங்கூனில் மாணவர் கூட்டத்தில் பேசிய பேச்சு. அதை நோட்டில் எழுதி வைத்திருந்தவன், கிழித்துப் போடத் தோன்றாமல் அப்படியே கொண்டுவந்துவிட்டான். “கப்பலில் வந்தவர்கள் கப்பலிலேயே திரும்பட்டும். நம் மண்ணில் பிறந்துவிட்டதால் மட்டும் ஒருவன் நம் நாட்டவன் ஆகிவிட மாட்டான்.”

அவள் அதை அப்படியே படித்தால் போதும். எங்கு பார்த்தாலும் வெள்ளையனே போ என்று சுவரில் எழுதிக்கொண்டிருந்த மாதம் அது. இன்ஸ்பெக்டர் இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். துன் முகாமுக்குப் போவான். பவளம் பொய் சொல்லக்கூட வேண்டாம், உள்ளதைச் சொன்னாலே போதும்.

“என்னம்மா இருக்கு?”

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். வெளியே காற்று தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

“உனக்கு நிசமாவே படிக்கத் தெரியுமா? தமிழ்ப் பொண்ணு நீ. நீ சொல்றதை எதை வச்சு நான் நம்புறது? எழுதிக் கொடுக்கிறவங்க எந்த நாடு, எந்த ஊருன்னு நான் பதிவு பண்ணணுமே.”

பவளம் நோட்டை விரித்தபடியே திருப்பித் துன்னின் பக்கம் வைத்தாள். விரலை அந்த வரியின் மேல் வைத்தாள்.

“அவுகளையே கேளுங்க சார். நான் எந்த நாட்டுக்காரின்னு அவுக சொல்லட்டும்.”

“ஆத்தா, என்ன பேச்சு இது? நம்ம ஊரச் சொல்லு!” என்று கிராணியார் பதறினார்.

இன்ஸ்பெக்டருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். துன்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். “இந்தப் பெண் உம்முடைய நாட்டைச் சேர்ந்தவளா?”

துன் அந்த வரியைப் பார்த்தான். அந்த விரலைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். ஏன் இவ்வளவு யோசிக்கிறான், ஆமென்று சொல்லித் தொலையேன் என்று எனக்கு ஆத்திரம்.

“ஆமாம்” என்றான், இங்கிலீஷில். பிறகு அவளைப் பார்த்துப் பர்மிய மொழியில் ஏதோ சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

“என்ன சொல்றார்?”

பவளம் நோட்டை மூடினாள். “என் நாட்டுக்காரி, என் ஊருக்காரிங்கிறாக. இந்த நோட்டுல கோமாரி வந்த மாட்டுக்கு என்ன செய்யணும்னு எழுதியிருக்கு சார். கடைசி வரைக்கும் அதான்.”

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பரீட்சைக்கு முக்கியமான பாடம் சார்” என்றேன். அது பொய் என்று தெரியாமல் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வாராவாரம் திங்கட்கிழமை

துன் தப்பித்தான். ஆனால் இன்ஸ்பெக்டர் எதையும் முறைப்படி செய்கிறவர். மொழிபெயர்த்தவர் பவளம், பர்மா தேசத்தவர் என்று அவன் சொன்னதை அப்படியே பதிவில் எழுதிவிட்டார். பர்மா தேசத்தவர் என்றால் அவளும் திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் திங்கட்கிழமை நான்தான் துன்னை அழைத்துப் போனேன். வழியில் கேட்டேன். “பயந்துபோய்ச் சொன்னாயா, மனதாரச் சொன்னாயா?” என் வாய் அப்படி.

“இங்கிலீஷில் சொன்னது இன்ஸ்பெக்டருக்கு, மற்றது அவளுக்கு” என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் கிராணியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கையில் கிராம முன்சீப் எழுதிக் கொடுத்த தாள், அவருடைய தகப்பனார் பாட்டனார் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள் என்று. “எங்க அய்யா வெட்டுன கெணறு இன்னும் இருக்கு சார். என் மக போயி அந்நியக்காரின்னு கையெழுத்துப் போடவா? ஊரு சிரிக்கும்” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார். “இதுபோதும். பர்மான்னு இருக்கிறதை அடிச்சுட்டு, ஊர்ப் பேரை எழுதிட்டா முடிஞ்சது. நீ இங்கே வரவே வேண்டாம்மா” என்று பேனாவை எடுத்தார்.

“அடிக்காதீக சார்” என்றாள் பவளம்.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“பத்தொம்பது வருசம் அங்கன இருந்தேன். பள்ளிக்கூடத்துல, காலேசுல, எந்தக் காயிதத்துலயும் என்னைய அந்த நாட்டுக்காரின்னு ஒருத்தரும் எழுதல. என் தம்பி அதுக்குள்ள செத்தே போனான். இந்த ஒண்ணுலதான் எழுதியிருக்காக. அதுவும் அந்த ஊருக்காரர் வாயால சொல்லி. இருக்கட்டும் சார். நான் வாரம் தவறாம வந்து போடுதேன்.”

கிராணியார் சுவரில் சாய்ந்துகொண்டார். துன் ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்து, என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்வதற்குள் அவள் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பேனாவை வாங்கி, துன் போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழே தன் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதினாள்.